முப்பத்தொன்றாவது படம்

ஆசான் என்றதும் வெள்ளைத் தாடியும் மரத்தடியும் நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆசானுக்கு வயது இருபத்தைந்து. பெயர் ஷமீமா. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பேட்டரிக் கடையின் மாடியில், எட்டுத் திரைகள் வைத்து கேம் சென்டர் நடத்திவந்தாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை ஆட்டம் மட்டும்தான் அங்கே உண்டு. கார் பந்தயம், துப்பாக்கி என்று கேட்டு வருகிறவர்களுக்கு அடுத்த தெருக் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவாள்.

சீடருக்கு வயது நாற்பத்து நாலு. பெயர் கோமதிநாயகம், டவுன் பஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகனை நாலு சாத்து சாத்தி வீட்டுக்கு இழுத்துப் போக வந்தவர், அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறான். அப்பா இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சென்டரில் ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர் எழுந்து போய், மூலையில் இருக்கும் மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைக் குடித்து முடித்த பிறகுதான் ஆட்டம் முடிந்ததாக அர்த்தம். எவ்வளவு வயிற்றெரிச்சலோடு மொண்டாலும் தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும் என்பாள் ஆசான்.

அந்த வாரம் முழுக்கக் கோமதிநாயகம் ஒரே கேள்வியோடு வந்தார். காலை ஷிஃப்ட் முடிந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், மதியம் இரண்டரைக்கு மாடி ஏறுவார்.

"ஆசானே, கணுக்கால எப்படித் தடுக்க?"

"நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

கணுக்கால் என்பது ஓர் அடிக்கு அந்தச் சென்டர்காரர்கள் வைத்த பெயர். எதிராளி சட்டென்று தாழ்ந்து கணுக்காலில் ஓர் உதை விடுவான். நிமிர்ந்து நின்று கையால் மறைத்திருந்தால் அந்த உதையைத் தடுக்க முடியாது. குந்தியிருந்தால்தான் முடியும். அது வருவதோ கண்ணுக்கே தெரியாது. விழுந்த பிறகுதான் வந்தது தெரியும்.

ஆறாம் நாள் ஆசான் நாளை என்று சொல்லவில்லை.

"உக்காருங்க," என்றாள்.

இரண்டு பேரும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மதிய வெயிலுக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"நான் உதைச்சிக்கிட்டே இருப்பேன். பாத்துத் தடுங்க."

அவள் உதைத்தாள். அவருடைய ஆள் விழுந்தான். மறுபடியும் உதைத்தாள், மறுபடியும் விழுந்தான். கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை விழுங்குகிறவர்போல முன்னால் குனிந்தார். இருபது உதைக்கு இருபது தடவையும் விழுந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"விழுந்த பொறவு."

ஆசான் கையை எடுத்தாள். "இந்தத் திரையில செகண்டுக்கு அறுபது படம் மாறுது அண்ணாச்சி. கணுக்கால் பன்னெண்டாவது படத்துல வந்து விழுந்திரும். கண்ணு பாத்து, மூளைக்குப் போயி, அது கைக்கு வந்து சேர எப்படியும் பதினஞ்சு படம் ஆவும்."

"எனக்கு வயசாயிட்டு. உங்களுக்கு?"

"எனக்கும் அதே கதைதான்."

கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் இளகியது.

"அப்பம் பாத்துத் தடுக்க ஒருத்தராலயும் முடியாது."

"முடியாது."

"அதத்தான் நானும் சொல்லுதேன். மனுசனால முடியாத வேகத்துல ஒண்ணு வந்து விழுந்துட்டா, அது நம்ம குத்தம் இல்லல்லா?"

ஆசான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது உதையைப் பற்றி மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் நடந்தது இது.

மாதம் முழுக்கச் சென்டரில் போட்டி நடக்கும், கடைசி ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் வைப்பார்கள். அந்த மாதம் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோமதிநாயகம். இன்னொருவர் இஸ்ரவேல். இஸ்ரவேலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முருகன்குறிச்சியில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். சமாதானபுரம் ஸ்டாப்பில் தினமும் காலை எட்டு நாற்பதுக்குக் கோமதிநாயகத்தின் பஸ்ஸில்தான் ஏறுவார். இஸ்ரவேலுக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தையைத் தொடங்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடும், வார்த்தை வாசலில் நின்றுகொண்டு வெளியே வராது. அதனால் அதிகம் பேசமாட்டார். பஸ்ஸில் ஏறும்போது டிரைவரைப் பார்த்து ஒரு சிரிப்பு, இறங்கும்போது ஒரு சிரிப்பு.

அன்றைக்குக் கோமதிநாயகம் டிப்போவிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். அண்ணாச்சி ஃபைனலுக்கு வந்திருக்கிறார் என்று அவர்களும் டீ குடித்துவிட்டு உற்சாகமாக வந்து பின்னால் நின்றார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், கண்ணும் காலும் அவ்வளவு வேகம் என்று அவர்களுக்குத் தெரியும். அவரே அடிக்கடி சொல்லியிருக்கிறார்.

முதல் உதை கணுக்காலில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. ஆறு உதை வரைக்கும் கோமதிநாயகம் நிமிர்ந்தே நின்றார். குந்திக்கொண்டு ஆடுவது அவருக்குப் பிடிக்காது. பயந்தவன் ஆட்டம் என்பார். பின்னால் டிப்போக்காரர்களின் குரல் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு தோற்றார்.

எழுந்தார். பானைக்குப் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம் அவளுக்கும் தெரிந்திருந்தது போல. அவர் எழுந்ததுமே ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. இஸ்ரவேல் பக்கம் திரும்பினார்.

"எ... எ... என்னலே இது? நா... நாக்குக்கு இல்லாத வேகம் கைக்கு மட்டும் எங்க இருந்துலே வந்துச்சு?"

கண்ணை மூடி, கழுத்தை இழுத்து, நரம்பு புடைக்கச் செய்து காட்டினார். அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர்தான்.

மூன்று பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு கேட்டதும் அவருக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது. சனியன் தோளில் ஏறினால் சும்மா இறங்குமா? "கள்ளப் பட்டன் வச்சிருக்கான். பெட்டியத் தொறக்கச் சொல்லுங்க," என்றார்.

இஸ்ரவேல் ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த தன்னுடைய பெட்டியைத் தானே பிளைவுட்டில் செய்திருந்தார். எழுந்து ஆசானின் மேஜையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். நாலு திருகு. ஒவ்வொன்றும் நேரம் எடுத்தது. மூடியைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். உள்ளே வயர்கள் மட்டும் இருந்தன. அவற்றைத் தையல் நூலால் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்.

மறுபடியும் மூடினார். மறுபடியும் நாலு திருகு. கோமதிநாயகத்தைப் பார்த்து, "நா... நா..." என்று தொடங்கினார். அது வரவில்லை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது மட்டும் கேட்டது.

அதன் பிறகு இஸ்ரவேல் சென்டருக்கு வரவில்லை.

ஆனால் எட்டு நாற்பதுக்கு சமாதானபுரம் ஸ்டாப்பில் நிற்கிறார். அதுதான் கோமதிநாயகத்தைக் கொன்றது. பஸ் வந்து நிற்கும். எல்லோரும் ஏறுவார்கள். இஸ்ரவேல் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்தபடி நிற்பார். அடுத்த பஸ் இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் வரும். அதில் போனால் கடைக்குப் பிந்தும், முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டும். பதிலுக்குப் பேச முடியாத மனுஷர் ஐந்து வாரமாக, இவர் முகத்தில் விழிக்காமல் இருப்பதற்காக, அதையும் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் இஸ்ரவேலின் சட்டை சின்னதாகி மறைகிற வரைக்கும் கோமதிநாயகம் இரண்டாம் கியரிலேயே போவார்.

இப்போது அவர் ஆசானிடம் மறுபடியும் கேட்டார்.

"குத்தம் இல்லல்லா?"

ஆசான் வேறொன்று கேட்டாள். "ரோட்டுல ஒரு பந்து உருண்டு வந்தா என்ன செய்வீங்க?"

"பிரேக்குல கால் போயிரும்."

"பிள்ளையப் பாத்தா?"

"பிள்ளையப் பாத்த பொறவு வச்சு என்னத்துக்கு? பந்து வந்தா பொறத்தால பிள்ளை வரும்லா."

"அதுக்கு முன்னால? பந்தும் வரல. பள்ளிக்கூடத் தெரு."

"மெல்லத்தான் போவேன்."

"அதான் கணுக்காலுக்குத் தடை. அது வந்த பொறவு தடுக்க முடியாது. முன்னாலயே குந்தியிருக்கணும். வேகமானதுக்கு எப்பமும் தாழ்ந்தே இருங்க. மேல இருந்து வெட்டுறது மெதுவா வரும். அதப் பாத்து எந்திரிச்சுக்கிடலாம்."

"எப்பமும் குந்திக்கிட்டேவா?"

"ஏன், முட்டி வலிக்கா?"

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை.

"ஆட்டம் சரி ஆசானே. அன்னைக்கு அந்தச் சொல்லு வந்துச்சே. அதுவும் இந்தக் கணுக்கால் மாதிரிதான். வாயத் தொறந்தது தெரியும், சொன்னது தெரியாது. பன்னெண்டு படம்கூட இருக்காது. தவறி வந்துட்டு. நானே பாக்கல, நான் எப்படித் தடுக்க?"

ஆசான் எழுந்து போய் மூலைத் திரையைப் போட்டாள். போட்டி ஆட்டங்கள் எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். ஐந்து வாரத்துக்கு முந்தைய இறுதி ஆட்டத்தை எடுத்தாள்.

"வேண்டாமே," என்றார் கோமதிநாயகம்.

"கடைசி அடி மட்டும்."

திரையில் அவருடைய ஆளுக்கு உயிர் நூல் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. தொட்டால் போதும். இஸ்ரவேலின் ஆள் கிட்டே வந்தான். தொடாமல் பின்னால் போனான். மறுபடியும் வந்தான், மறுபடியும் பின்னால் போனான். கோமதிநாயகத்தின் ஆள் அப்போது நிமிர்ந்து நிற்கவில்லை. ஆறு உதை வாங்கிய பயத்தில் கடைசியில் குந்திவிட்டிருந்தான். தான் குந்தியதே கோமதிநாயகத்துக்கு ஞாபகம் இல்லை.

ஆசான் பதிவை நிறுத்தினாள்.

"இனிமே ஒவ்வொரு படமா நவத்துதேன். எண்ணுங்க."

அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். இஸ்ரவேலின் ஆள் தோளைச் சற்றுத் தூக்கினான்.

"ஒண்ணு," என்றார்.

தோள் இன்னும் உயர்ந்தது. கை பின்னால் போனது. ஐந்து, ஆறு. கை தலைக்கு மேல் ஏறியது. உதைக்கிற மாதிரி எதுவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. இது மேலிருந்து இறங்குகிற வெட்டு. அந்த ஆட்டத்திலேயே மெதுவான அடி. புதிதாக வருகிறவர்கள்கூட ஒரு வாரத்தில் அதைத் தடுக்கப் பழகிவிடுவார்கள். எழுந்து நின்றால் போதும். இருபது. இருபத்திரண்டு. கை உச்சிக்குப் போய் அங்கே நின்றது. எழுந்திரு என்று சொல்கிற மாதிரி அது அங்கேயே நின்றது. இருபத்தெட்டில்தான் இறங்க ஆரம்பித்தது. கோமதிநாயகத்தின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"முப்பது. முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்றாவது படத்தில் அடி விழுந்தது.

"அரை செகண்டு," என்றாள் ஆசான். "உங்க பஸ்ஸே ஒரு வளைவு திரும்பியிருக்கும்."

ஐந்து வாரமாக அவர் டிப்போவிலும் வீட்டிலும் சொன்னதெல்லாம் ஒன்றுதான். மனுஷ வேகமே இல்லை, கண்ணால் பார்க்கவே முடியாத அடியால் தோற்றேன். தோற்கடித்தது எந்த அடி என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"வேகமா ஒண்ணு விட்டு முடிச்சிருக்கலாமே. குந்தித் தடுத்தாலும் ஒரு குத்து பட்டா மிச்ச உயிரு போயிருக்கும்," என்றார். "ஏன் இதப் போட்டாரு?"

"உங்க ஆளுங்க மூணு பேரு பின்னால நின்னாங்க. அவரும் பாத்தாருல்லா."

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார். ஓங்கிய கை இறங்கிய இடத்திலேயே நின்றுபோயிருந்தது. இஸ்ரவேல் அவருக்கு எழுந்து நிற்க ஒரு வழி விட்டிருக்கிறார். நாலு பேர் முன்னால் மானம் போகாமல் இருக்கட்டும் என்று அரை நொடி கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்த மனுஷனைப் பார்த்துத்தான் இவர் கழுத்தை இழுத்துக் காட்டினார்.

"இது வேகமா அண்ணாச்சி?"

"இல்ல."

"அது?"

எது என்று அவர் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பேட்டரிக் கடையில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். தவறி வந்தது என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.

"வேகமா வரல ஆசானே."

அவள் காத்திருந்தாள்.

"அதுக்கு முந்தின செவ்வாக்கிழமை. டிப்போ டீக்கடையில. ஃபைனல்ல உமக்கு யாரு எதிரின்னு கேட்டாங்க. இஸ்ரவேல்னு சொன்னா யாருக்கும் தெரியல. நம்ம பஸ்ல வாரவருதாம்லா, திக்கித் திக்கிப் பேசுவாருன்னு சொல்லிட்டு, செஞ்சு காட்டுனேன். சிரிச்சாங்க. புதன்கிழமை அவங்களே கேட்டாங்க. அண்ணாச்சி, அந்த ஆளு எப்படிப் பேசுவாரு, ஒருக்கா காட்டும்னு. வியாழக்கிழமை கண்ணையும் மூடிக் காட்டுனேன். இன்னும் சிரிப்பு வந்துச்சு. கழுத்து நரம்பு அதுக்கு மறுநாள். சனிக்கிழமை எல்லாத்தையும் சேத்து."

அவர் கைகளைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

"சிரிச்ச மூணு பேரும் அதுக்குத்தான் சிரிச்சாங்க. அவங்களுக்கு அது முன்னமே தெரியும். அஞ்சு நாளு பழகியிருக்கேன் ஆசானே. ஸ்டிக்கப் பிடிச்சுகூட நான் அந்த வாரம் அவ்வளவு பழகல."

சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கம் வந்தது. ஐந்து வாரமாக இருந்ததும் வெட்கம்தான், ஆனால் அது தோற்ற வெட்கம், பெட்டிக்குள் ஒன்றும் இல்லாமல் போன வெட்கம். அதற்கெல்லாம் வேகத்தைச் சாக்குச் சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவுகிற முகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நானும் இங்கனதான் நின்னேன்," என்றாள் ஆசான். "சிரிக்கல. ஆனா நிறுத்தவும் இல்ல. ஸ்க்ரூ டிரைவர் என் மேசையில இருந்துதான் போச்சு. எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம்."

அவர் நிமிர்ந்தார்.

"மறுநாள் தண்ணி கொண்டுக்கிட்டு அவரு கடைக்குப் போனேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னது."

கோமதிநாயகம் ஒரு வாரமாகக் கேட்க வந்த கேள்வியை, முதல் தடவையாக, நேராகக் கேட்டார்.

"நான் போனா என்ன சொல்லுவாரோ தெரியல. அவரு எத வச்சு அடிச்சாலும் எனக்குத் தாங்காது. ஒரு தடை சொல்லிக்குடுங்க ஆசானே."

ஆசான் திரையை அணைத்தாள்.

"அவரு சொல்லுறது மெதுவாத்தான் வரும் அண்ணாச்சி. வாரது உங்களுக்கு நல்லாத் தெரியும். தடுத்திராதீங்க."

அவர் எழுந்தார். போகிற வழியில் பானைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, மேலே கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஆசான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எட்டு நாற்பதுக்குப் பஸ் சமாதானபுரம் ஸ்டாப்பில் நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். இஸ்ரவேல் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகரவில்லை. இன்ஜின் சத்தமும் நின்றது.

கோமதிநாயகம் கீழே இறங்கி வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் தம்ளர். இஸ்ரவேலுக்கு முன்னால் நின்று தண்ணீரை ஊற்றினார். ஜன்னல் ஓரத்துத் தலைகள் எல்லாம் வெளியே எட்டிப் பார்த்தன.

"வாய் தவறி வரல தம்பி," என்றார். "டிப்போவுல அஞ்சு நாளா செஞ்சு காட்டிப் பழகியிருந்தேன். பெட்டியில ஒண்ணும் இருக்காதுன்னும் எனக்குத் தெரியும்."

தம்ளரை நீட்டினார்.

இஸ்ரவேல் அதை வாங்கவில்லை. அவர் தாடை அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடியது. கோமதிநாயகம் ஐந்து நாள் செய்து காட்டியதெல்லாம் இப்போது ஒரு முழ தூரத்தில் நடந்தது. இதில் சிரிக்க என்ன இருந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

"எ..."

கண்டக்டர் இன்னொரு விசில் கொடுத்தார். "அண்ணாச்சி, டைம் ஆவுது," என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"எ... எ..."

என்ன வேணாலும் சொல்லு தம்பி என்று சொல்லிவிட்டால் இது முடிந்துவிடும். அந்த வார்த்தை கோமதிநாயகத்தின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். கண்ணைத் திருப்பவும் இல்லை. வார்த்தை வருவது தெரிந்தது. ஓங்கி, உச்சியில் நின்று, மெல்ல இறங்கி வந்தது.

"எ... எம் மக... அ... அங்க இருந்தா."

இரட்டைச் சடை. இரண்டு கையாலும் சிந்தாமல் பிடித்த தம்ளர்.

கோமதிநாயகம் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. தம்ளர் ஆடித் தண்ணீர் கொஞ்சம் அவர் விரல்மேல் சிந்தியது. இஸ்ரவேல் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கண்ணை மூடி அடுத்த வார்த்தையைத் தொடங்கினார். கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார்.